அஞ்சலை அரங்கில் முடிந்த பருவம்

கால்பந்தில் 'பருவம்' என்று சொல்லப்படுவது மழையையோ வெயிலையோ குறிப்பதன்று. ஒரு நாட்டின் முதல்நிலைப் பிரிவில், அதாவது தரவரிசையில் உச்சத்திலுள்ள அணிகள் மட்டும் மோதும் பிரிவில், ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளையும் பெரும்பாலும் இருமுறை சந்தித்து, வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 எனப் புள்ளிகள் சேர்த்து, பல மாதங்களின் முடிவில் முதலிடம் யாருக்கு என்று தீர்மானமாகும் கால அளவே பருவம் எனப்படுகிறது. பெரிய நாடுகளில் இந்தப் பருவத்தோடு நெடுந்தொலைவும் கலந்திருப்பதால், எதிரணியின் ஊருக்குச் செல்ல ஓர் இரவு ரயிலில் கழிய வேண்டும். தோற்றுத் திரும்பும் ரசிகன் வென்றவனை அடுத்த ஆண்டுவரை பார்க்க வேண்டியதில்லை. சிறு தீவில் அந்த வசதி கிடையாது. ஆட்டம் முடிந்த இரவே இரு தரப்பாரும் ஒரே சாலையில் வீடு திரும்புகிறார்கள். மறுநாள் காலை ஒரே பணிமனையிலும், ஒரே சந்தையிலும், ஒரே பள்ளி வாசலிலும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறார்கள். தீவுக் கால்பந்தின் இனிமை, கொடுமை இரண்டுக்கும் வேர் இந்த நெருக்கந்தான்.

இனிமைக்கு இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் கிடக்கும் சில்லித் தீவுகள் சான்று. அங்குள்ள கால்பந்துக் கூட்டமைப்பில், அதாவது லீக்கில், இரண்டே அணிகள். உல்பேக் வாண்டரர்ஸ், கேரிசன் கன்னர்ஸ் என்னும் அவ்விரண்டும் செயின்ட் மேரிஸ் தீவின் ஒரே மைதானத்தில், பருவம் முழுவதும் ஒன்றோடொன்று மட்டுமே ஆடுகின்றன. ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் புதிதாகப் பங்கிட்டுக்கொள்வதால் இந்த ஆண்டின் எதிரி அடுத்த ஆண்டின் தோழன் ஆகிவிடுகிறான். கொடுமைக்குச் சான்று தேடினால் தமிழர்கள் மூன்று நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் ஒரு தீவுக்கு, மொரீஷியசுக்கு, செல்ல நேர்கிறது. அத்தீவின் 1998-99 பருவமே இச்சொற்பொழிவின் பொருள்.

மொரீஷியஸ் தீவின் பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. அந்தச் சிறு பரப்பில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கிரியோல் மக்கள், பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளின் வழியினர், சீன வணிகர்கள், 1834க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த இந்தியர்கள் எனப் பல மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள். தமிழர்களின் வருகை அதற்கும் முந்தியது. 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் அங்கே அழைத்துச் செல்லப்பட்டனர். 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்ற இந்நாட்டின் அரசியலமைப்பு மக்களை இந்து, முஸ்லிம், சீனர், பொது மக்கள் என நான்கு சமூகங்களாக வகுத்து, தேர்தலில் வென்ற 62 பேருக்கு மேல், போதிய இடம் கிடைக்காத சமூகங்களுக்கு 8 இடங்கள் வரை ஒதுக்கும் ஒரு முறையையும் ஏற்படுத்தியது. எந்தச் சமூகமும் விடுபட்டுப் போகக் கூடாது என்ற நல்லெண்ணமே அதற்கு அடிப்படை. ஆனால் ஒவ்வொருவரும் தம்மை முதலில் ஒரு சமூகத்தின் ஆளாகவே எண்ணப் பழகுவதற்கும் அது துணைபோயிற்று.

கால்பந்து அணிகள் இப்பாகுபாட்டின் அச்சுப்படியாகவே விளங்கின. முஸ்லிம் ஸ்கவுட்ஸ், ஹிந்து கேடெட்ஸ், தமிழ் கேடெட்ஸ் என்ற பெயர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இத்தீவிலேயே வாழ்ந்து அழிந்துபோன பறவையின் பெயரைத் தாங்கிய டோடோ கிளப் வெள்ளையருடையது, டிராகன்ஸ் சீனருடையது, தீயணைப்புத் துறையின் பெயர் கொண்ட ஃபயர் பிரிகேட் அணியைக் கிரியோல் மக்கள் தம் சொந்தப் பிள்ளையாகக் கருதினர். வார இறுதிகளில் கியூர்பீப் நகரின் ஐந்தாம் ஜார்ஜ் அரங்கு நிரம்பி வழிந்தது. 1974இல் எகிப்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு இச்சிறு நாடு தகுதி பெற்றதற்கும் அந்த வேகமே உரமிட்டது என்பதை மறுக்க இயலாது. சமூகத்தின் பெயரால் ஆடும்போது விளையாட்டில் ஒரு தீவிரம் பிறக்கிறது. அதை இழிவாகப் பேசுவது எளிது. ஆனால் கூலி வேலையில் வாரம் முழுதும் தலைகுனிந்து நின்றவன் தொண்ணூறு நிமிடம் தலைநிமிர்ந்து நிற்கும் இடமாக அந்த அரங்கு இருந்தது என்பதை எண்ணிப் பார்க்காமல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாகாது.

இத்தகைய ஏற்பாடு இந்தியருக்குப் புதிதன்று. பம்பாயில் 1912 முதல் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்ற நான்கு அணிகள் மோதிய கிரிக்கெட் போட்டி, 1937இல் 'மற்றவர்கள்' என்ற ஐந்தாம் அணியும் சேர்ந்து பென்டாங்குலர் எனப்படும் ஐந்தணிப் போட்டியாக விரிந்து, நாட்டிலேயே மிக அதிகக் கூட்டத்தை ஈர்த்தது. 1940 டிசம்பரில் காந்தியடிகள் அதற்கு எதிராகக் கருத்துரைத்தார். 1945-46க்குப் பின் அது நின்றுபோயிற்று. அதன் இடத்தைப் பிடித்த ரஞ்சிக் கோப்பையோ பெரும்பாலும் வட்டாரங்களின் பெயரால் ஆடப்படுவது. 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய அதன் முதல் ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. சமூக அணியின் பெயர் எதை மறைக்கும் என்பதையும் பம்பாய் காட்டிற்று. இந்து அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளரான பல்வங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பதால் அவ்வணியின் தலைமைப் பொறுப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. அவருடைய தம்பி விட்டலுக்கு அது 1923இல்தான் கிடைத்தது. சமூகத்தின் பெயரால் ஒன்றாக நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டத்துக்குள்ளும் மேல் கீழ் இருந்தே தீர்கிறது.

மொரீஷியஸ் அரசு 1980களின் தொடக்கத்தில் சமூகப் பெயர்களைத் தடை செய்தது. முஸ்லிம் ஸ்கவுட்ஸ் வெறும் ஸ்கவுட்ஸ் கிளப் ஆயிற்று. ஹிந்து கேடெட்ஸ் கேடெட்ஸ் கிளப் ஆயிற்று. தமிழ் கேடெட்ஸ் என்ற பெயரும் பட்டியலிலிருந்து மறைந்தது. ஆனால் பெயரின் முதற்பாதியை வெட்டியதால் அணியின் உள்ளடக்கம் மாறிவிடவில்லை. ஆட்டக்காரர்களில் பல சமூகத்தாரும் கலந்தனர், வெளிநாட்டவரும் வந்தனர். பார்வையாளர் வரிசை மட்டும் பழையபடியே பிரிந்து உட்கார்ந்தது. வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுக் குடியிருப்போரை அப்படியே விட்டுவைத்த ஏற்பாடு அது. சட்டம் செய்த முதல் பிழை இதுவே என்று கருத இடமுண்டு.

1998-99 பருவம் தொடங்கிய வேளையில் தீவின் மனநிலை அமைதியாக இல்லை. 1998 நவம்பரில் வெளியான புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்துக்கு முன்னதாக இந்தி எழுத்து இடம்பெற்றதை எதிர்த்துத் தமிழர்கள் கிளர்ந்தெழுந்தனர். அரசு அந்நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. 1999 பிப்ரவரி 21 அன்று காயா என்ற பெயரால் புகழ்பெற்ற பாடகர் போலீஸ் காவலில் இறந்து கிடந்தார். தீவின் சேகா இசையையும் ஜமைக்காவின் ரெக்கே இசையையும் கலந்து 'செகே' என்ற புதுவகையை உருவாக்கிய அவரைக் கிரியோல் இளைஞர்கள் தங்கள் குரலாகவே கொண்டாடியதால், அச்செய்தி பரவியதும் தலைநகர் போர்ட் லூயியில் தொடங்கிய கலவரம் சில நாட்களில் தீவெங்கும் பற்றியது. உயிர்கள் பலியாயின. அடுத்த மூன்று மாதங்களில் அந்தப் புண் ஆறவில்லை. இப்படிப்பட்ட சூழலில்தான் முந்தைய ஆண்டில் வாகை சூடிய ஸ்கவுட்ஸ் அணியும் ஃபயர் பிரிகேட் அணியும் பட்டத்துக்காக நெருங்கி ஓடிவந்து, 1999 மே 23 அன்று நேருக்கு நேர் நின்றன.

அந்த ஆட்டம் நடந்த இடத்தைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். தீவின் வடபகுதியில், பாம்ப்ளமூஸ் மாவட்டத்தில், பெல் வூ என்ற ஊரில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே எழுந்து நிற்கிறது அந்த அரங்கு. அங்கே கரும்பு வெட்டு ஜூன் மாத வாக்கில் தொடங்கும். ஆகவே மே மாதக் கடைசியில் சாலையின் இருபுறமும் கரும்பு ஆளுயரத்துக்கும் மேல் முற்றி நிற்கும். அரங்கின் பெயர் அஞ்சலை. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் 'கூப்பென்' என்று எழுதப்படும் குப்பன் குடும்பத்துப் பெண்ணான அஞ்சலை, அதே பெல் வூ தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். 1943 செப்டம்பர் 27 அன்று, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது போலீசார் சுட்டதில் அவரோடு சேர்த்து நால்வர் உயிரிழந்தனர். அப்போது அவர் கருவுற்றிருந்தார். தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணக்கூடிய ஒரு சாதாரணப் பெயர், ஒரு நாட்டின் பெரிய விளையாட்டரங்கின் முகப்பில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழர் பெருமைப்பட வேண்டிய இடம் அது. 

மே 23 அன்று அந்த அரங்கில் ஃபயர் பிரிகேட் அணிக்குப் பட்டம் உறுதியாயிற்று. தோல்வியைப் பொறுக்காத ரசிகர்களில் ஒரு பகுதியினர், நடுவர் தீர்ப்பில் அநீதி நடந்ததாகக் கொதித்து, திரும்பும் வழியில் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்தனர். காவல் நிலையம் தாக்கப்பட்டது. இருட்டிய பிறகு போர்ட் லூயியின் அரச வீதியில் லாமிக்கால் என்ற சூதாட்ட விடுதிமீது பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. அந்தச் சீனர் விடுதிக்கும் அன்றைய ஆட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உள்ளே சிக்கியவர்களில் 7 பேர் மாண்டனர். அவர்களில் இரு குழந்தைகளும் கருவுற்ற ஒரு பெண்ணும் அடங்குவர். 1943இல் கருவுற்ற ஒரு கூலிப்பெண் சுடப்பட்ட மண்ணில், அவர் பெயரைத் தாங்கிய அரங்கிலிருந்து புறப்பட்ட நெருப்பு, 1999இல் மற்றொரு கருவுற்ற பெண்ணைக் கொன்றது. இந்த இரண்டு மரணங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மனம் எதுவும் 'இது வெறும் பந்தாட்டம்' என்று சொல்லத் துணியாது. இவ்வழக்கில் நால்வருக்கு 2000ஆம் ஆண்டில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அரசு உள்நாட்டுக் கால்பந்தை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நிறுத்தி வைத்தது. 2000ஆம் ஆண்டுக்குரிய வாகையர் பட்டம் எவருக்கும் இல்லை. மீண்டும் கூட்டமைப்பு தொடங்கியபோது பழைய கிளப்புகள் முதல்நிலைப் பிரிவில் இல்லை. நகராட்சி, மாவட்டம் ஆகியவற்றின் பெயர்களைத் தாங்கிய வட்டார அணிகள் புதிதாக அமைந்தன. தலைநகருக்கு ஏ.எஸ். போர்ட் லூயி 2000, மோக்கா மாவட்டத்துக்கு ஒலிம்பிக் தெ மோக்கா, தெற்கே சவான், வடக்கே பாம்ப்ளமூஸ் என்று அப்பெயர்கள் அமைந்தன. முதற்பருவத்தில் மோக்கா வென்றது. அடுத்த சில ஆண்டுகள் போர்ட் லூயி தொடர்ந்து வென்றது. கலவரம் இல்லை. கூட்டமும் இல்லை. வரிசை வரிசையாகக் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆட்டங்கள் நடந்தன. ரசிகர்கள் வீட்டிலமர்ந்து தொலைக்காட்சியில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் கொடி பிடிக்கத் தொடங்கினர். ஏறத்தாழ பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஓர் ஊரின் அணி, பக்கத்து ஊரின் அணியைவிட நெருக்கமாகிவிட்டது.

இந்த விளைவைக் காட்டி, பழைய அணிகளைக் கலைத்தது தவறு என்று வாதிடுவோர் அத்தீவில் உண்டு. அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. ஏழு உயிர்களுக்கு எதிரில் எத்தனை நிரம்பிய அரங்குகளை வைத்தாலும் தராசு சமப்படாது. வட்டாரப் பெயருக்கு மாறியது சரியான முடிவே. குறை அம்மாற்றம் நடந்த விதத்தில் இருக்கிறது. வட்டாரங்கள் அலுவலகத்தில் விரிக்கப்பட்ட வரைபடத்தின்மேல் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டன. அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்தவனுக்குத் தன் வட்டாரத்தோடு ஒட்டும் உறவும் வளர்வதற்கு வேண்டிய சிறுவர் அணிகள், ஊர் மைதானங்கள், பள்ளிகளோடான தொடர்பு ஆகியவை அதே முனைப்போடு வளர்க்கப்படவில்லை. அன்பு செலுத்தும் திறன் அம்மக்களிடம் வற்றிவிடவில்லை என்பதற்கு 2003 சாட்சி. அவ்வாண்டு தீவிலேயே நடந்த இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டில் ரீயூனியனை வென்று மொரீஷியஸ் தங்கம் பெற்றபோது, எல்லாச் சமூகத்தாரும் நான்கு வண்ணக் கொடியுடன் ஒரே தெருவில் இறங்கினர். நான்கு ஆண்டுகளுக்கு முன் தீ எரிந்த அதே தெருக்கள் அவை.

இடப்பெயரை நாடும் இதே மருந்தைத் தமிழ்நாடும் ஏறத்தாழ அதே காலத்தில் உட்கொண்டது. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைந்ததையொட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டபோது, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கி, ஊர்ப்பெயர்களை வைத்தது. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆயிற்று. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆயிற்று. சேலத்தை மையமாகக் கொண்டிருந்த அண்ணா போக்குவரத்துக் கழகமும் அப்பெயரை இழந்தது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இச்சொற்பொழிவு நிகழும் கொல்லிமலைக்கு ஏறிவரும் பேருந்தின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருந்த சொல்லும் அதனால் மாறியது. பேருந்தின் பெயர் மாறியபின் தெருவில் சாதி மறைந்துவிடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக் கூடாது என்று 2024இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைக்க வேண்டிய நிலையே நீடித்தது. பெயரை நீக்குவது பாதி வேலை. அந்த இடத்தில் மக்கள் நெஞ்சில் ஒட்டக்கூடிய வேறொன்றை வளர்ப்பது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியைச் செய்து காட்டிய தீவுகளும் உள்ளன. வட அட்லாண்டிக் கடலிலுள்ள பரோயே தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 54,000. ஒரு பெருநகர வார்டின் அளவேயான அந்த மக்கள் 1942 முதல் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பை நடத்திவருகிறார்கள். அணிகள் பெரும்பாலும் ஊர்களுக்கு உரியவை. 5,000 பேர் வாழும் கிளாக்ஸ்விக் என்ற மீன்பிடி ஊரின் அணி, 2023இல் ஹங்கேரியின் புகழ்பெற்ற ஃபெரென்ஸ்வாரோஷ் அணியை அதன் சொந்த அரங்கிலேயே 3-0 என்று வென்று, அவ்வாண்டு ஐரோப்பியக் கான்ஃபரன்ஸ் லீக் குழுச் சுற்றுவரை சென்றது. அந்த வெற்றிக்குப் பின்னால் நின்றது ஊர்ப்பற்று. ஆனால் அது பல தலைமுறைகளாக உழைத்து வளர்த்த ஊர்ப்பற்று.

இனி இம்மலைக்கு வருவோம். கொல்லிமலையின் மக்கள்தொகை சுமார் 40,000. கடல் இல்லாவிட்டாலும், சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து தனித்து நிற்பதால் அதுவும் ஒருவகைத் தீவே. மொரீஷியஸ் வரைபடத்தில் வரைந்து உண்டாக்க முயன்ற வட்டாரம் என்ற உணர்வு இம்மலையில் நெடுங்காலமாகவே வாழ்ந்துவருகிறது. இங்கே ஒருவர் தம்மை இன்ன நாட்டார் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, பெரக்கரை நாடு என வழங்கும் 14 ஊராட்சிகளின் பெயர்களிலும் 'நாடு' என்ற சொல் பகுதியைக் குறிப்பதே. கீழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் கபடிக் குழுவின் சட்டையிலும் வரவேற்புப் பதாகையிலும் சாதித் தலைவர்களின் படங்கள் இடம்பிடிக்கும் இக்காலத்தில், விளையாட்டணிக்கு ஏற்ற ஒரு பெயர்வரிசை இம்மலையில் ஆயத்தமாக இருப்பது சிறு பேறன்று.

14 நாடுகளும் ஆளுக்கோர் அணி அமைத்து, ஒவ்வொன்றும் மற்றதை இருமுறை சந்தித்தால் ஒரு பருவத்துக்கு 182 ஆட்டங்கள் ஆகும். அத்தனைக்கும் சமதளமான மைதானம் வேண்டும். மலைச்சரிவில் அது எளிதில் கிடைப்பதன்று. மாலையில் பயிற்சி தரும் ஆசிரியர்களும், சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனி அணிகளும், தோற்ற நாட்டாரை அமர்த்திச் சோறு போட்டு அனுப்பும் பெரியவர்களும் வேண்டும். இவற்றை ஊராட்சிகளும் பள்ளிகளும் கல்வித் துறையும் சேர்ந்து தேடித்தர வேண்டும். அப்படியொரு நாளில் பெரக்கரை நாட்டிலும் அணி அமையுமானால், அதன் சட்டையில் எந்தத் தலைவர் படமும், எந்தச் சாதியின் வண்ணமும், எந்தக் கட்சியின் கொடியும் ஏறாமல், 'பெரக்கரை' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும்படி இளைஞர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.